தட்டினா விட்டுடணும்

செருப்பை அந்தப் படியிலேயே விட்டுட்டு வாங்கம்மா. கைப்பை இருக்கலாம், ஒண்ணும் தப்பில்லே. இந்த மெத்தை விரிப்பு, மேட், அது மேல கால் படாம இப்படி ஓரமா வந்து, இந்த நாற்காலியில உட்காருங்க. யாரு வந்தாலும் இங்க செருப்பு கிடையாது. ஒருதடவை பரிசு குடுக்க வந்த கவுன்சிலர் ஒருத்தரு பூட்ஸோட ஏறிட்டாரு. பசங்க மூஞ்சியைப் பார்க்கணுமே. நான் மைக்குல சொல்லலே, கிட்டப் போய்க் காதுல சொன்னேன். இறங்கிட்டாரு. அதுக்கப்புறம் அவரு இந்தப் பக்கமே வரலே, அது வேற விஷயம்.

நீங்க வினோதினிக்கு வக்கீல்னு போன்லயே சொன்னீங்க. நல்லது. அந்தப் பொண்ணுக்கும் யாராவது இருக்கணுமில்லே. என்னை அரசுத் தரப்புச் சாட்சியாப் போட்டிருக்காங்க, அதனால உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு எனக்கு ஒண்ணும் இல்லே. யாரு கேட்டாலும் நான் ஒரே மாதிரிதான் பேசுவேன். டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா. சரி.

மேட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன். அது புரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

ஜூடோன்னா ஆளைத் தூக்கி எறியறதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது அப்புறம். முதல்ல விழக் கத்துக்கணும். அடுத்தது தட்டக் கத்துக்கணும். ஒருத்தன் கழுத்தைப் பிடிச்சிருக்கான், கண்ணு இருட்டுதுன்னா, உள்ளங்கையால அவன் உடம்புலயோ தரையிலயோ தட்டணும். பிடிச்சவன் அந்த நொடியே விட்டுடணும். ஏன், எதுக்கு, இன்னும் கொஞ்சம் தாங்குவியான்னு கேள்வியெல்லாம் கிடையாது. தட்டினா விட்டுடணும். எங்க விளையாட்டை வெட்டுக்குத்துல இருந்து பிரிச்சு வெக்கிறது இந்த ஒண்ணுதான். மத்த கிளப்புல எப்படியோ, என் பசங்ககிட்ட இதுல பிசகு பார்க்க முடியாது. நான் பி.இ.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். என் கைக்கு வந்த பிள்ளைங்க எதை மறந்தாலும் இதை மறக்காது.

வினோதினி ஏழாவது படிக்கும்போது வந்தா. அவங்கம்மா செல்வாம்பிகை பெட்ஷீட் கம்பெனியில செக்கிங்ல வேலை பார்க்கிறாங்க. துணியில எங்க நூல் விட்டிருக்கு, எங்க கறை இருக்குன்னு நாள் பூரா நின்னுக்கிட்டே பார்க்கிற வேலை. அப்பா கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில, பாலத்தடியில, சைக்கிள்ல வந்த எவனோ பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். அந்தம்மா நேரா இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க.

"மாஸ்டர், இவளுக்குச் சண்டை சொல்லிக்குடுங்க."

"இங்க சண்டை கிடையாதும்மா. விளையாட்டுதான்."

"ஏதோ ஒண்ணு. எவனும் இவ மேல கை வெக்காம இருந்தாச் சரி."

லேசான உடம்புதான். ஆனா அந்த வலது கால் இருக்கே. எதிராளியோட காலுக்குப் பின்னால போட்டு ஒரு வாரு வாரினா நிக்கிறவங்க கிடையாது. அதுக்கு ஜப்பான்காரன் நீளமா ஒரு பேரு வெச்சிருக்கான், எங்க பசங்க ஓசோன்னு சுருக்கிடுச்சுங்க. வினோ ஓசோன்னா மத்த மாவட்டத்துப் பொண்ணுங்க எல்லாம் முறைக்கும். மாநிலத்துல மெடல் எடுத்தா. பேப்பர்ல படம் வந்துச்சு. பெருசு பண்ணிச் சுவத்துல மாட்டியிருக்கேன், அதோ. இந்தக் கேஸுக்கப்புறம் அதை எடுத்துடுங்கன்னு சிலபேர் சொன்னாங்க. ஏன் எடுக்கணும், ஜெயிச்சது ஜெயிச்சதுதானே. எடுக்கலே. சுவத்தைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கேன், அவ்வளவுதான்.

லோகேஸ்வரனும் என் பையன்தான். லோகுன்னுதான் கூப்பிடுவோம். கழுத்துப்பிடியை அவனை மாதிரிச் சுத்தமாப் போடறவனை நான் பார்த்ததில்லே. கோபக்காரன், இல்லேங்கலே. தோத்துட்டா தண்ணி பாட்டிலை எட்டி உதைப்பான். பஸ்ல திரும்பி வரும்போது எவன்கிட்டயும் பேச மாட்டான். ஆனா எதிராளி தட்டினதுக்கப்புறம் அரை நொடி கூடுதலாப் பிடிச்சான்னு ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம். எத்தனை கோபத்துலயும் விட்டுடுவான்.

ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சது நான். காதல் கீதல் எல்லாம் இல்லே. லோகுவுக்கு விளையாட்டுக் கோட்டாவுல அரசாங்க வேலை கிடைச்சுது. அவங்கம்மா பொண்ணு பார்த்துக்கிட்டிருந்தாங்க. "வெளியில எதுக்குத் தேடறீங்க, விழத் தெரிஞ்ச பொண்ணு நம்மகிட்டயே இருக்கு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. கல்யாண மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு அதையே சொன்னேன். நல்ல கைத்தட்டல். கல்யாணத்துக்கப்புறம் இங்க வந்து சின்னப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன்னு வினோ சொன்னா. லோகு வேண்டாம்னுட்டான். புருஷன் வேண்டாம்னா நடுவுல நான் என்ன பண்றது. "கொஞ்ச நாள் போகட்டும் வினோ"ன்னேன்.

நீங்க குறிச்சுக்கணும்னா குறிச்சுக்குங்க. எனக்கு மறைக்க ஒண்ணும் இல்லே.

ஒருநாள் சாயங்காலம், பசங்க வர்றதுக்கு முன்னாடி வந்தா. அந்த மூலையில உட்கார்ந்தா.

"மாஸ்டர், வீட்டுல அவர் எனக்குக் கழுத்துப்பிடி போடறார்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "நல்லதுதானே, டச் விட்டுப்போச்சுன்னு நீதானே வருத்தப்பட்டே"ன்னேன்.

அவ சிரிக்கலே. "குழம்புல உப்பு இல்லேன்னா போடறார் மாஸ்டர். போனை எடுக்க லேட்டானாப் போடறார். அம்மாகிட்ட என்ன பேசினேன்னு கேட்டுப் போடறார்."

"தட்டினியா?"

"தட்டினேன்."

"விட்டானா?"

"விட்டுட்டார்."

"அப்புறம் என்ன?"

அவ மேட்டோட ஓரத்தை நகத்தால கீறிக்கிட்டிருந்தா. பதில் இல்லேன்னுதானே அர்த்தம். அம்மாகிட்டச் சொன்னியான்னு கேட்டேன். "அது மாஸ்டர் பார்த்து வெச்ச மாப்பிள்ளை, மாஸ்டர்கிட்டயே போய்ச் சொல்லுன்னுட்டாங்க"ன்னா. பாருங்க, அந்தம்மாவுக்கு என் மேல எத்தனை மரியாதை.

நான் சும்மா விடலே. மறுநாளே லோகுவை வரச் சொன்னேன். "ஏன்டா, பொண்டாட்டி மேலயாடா டெக்னிக்கைக் காட்டறே"ன்னு பிடிபிடின்னு பிடிச்சேன். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். "கோபத்துல ஆயிடுது மாஸ்டர். ஆனா அவ தட்டினா விட்டுடறேன். நீங்க சொன்னதை ஒருநாளும் மீறினதில்லே. ஒரு அறை அறைஞ்சதில்லே மாஸ்டர், அவகிட்டயே கேளுங்க"ன்னான். கேட்டேன். அவளும் அறைஞ்சதில்லேன்னுதான் சொன்னா. உண்மையைச் சொல்றேன், எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஊர்ல அவனவன் குடிச்சுட்டு வந்து கட்டையைத் தூக்கறான். இவன் அந்தக் கோபத்துலயும் ஒரு கட்டுப்பாட்டோட இருக்கான்னா, அது எங்கிருந்து வந்துச்சு? இந்த மேட்டுல இருந்துதானே.

எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. பிராக்டிஸ்ல ரெண்டு பேருக்குள்ள முட்டிக்கிச்சுன்னா, எதிரெதிரே நிக்க வெச்சு 'ரெய்'னு குரல் குடுப்பேன். ரெண்டு பேரும் இடுப்பு வரைக்கும் குனிஞ்சு வணங்கணும். அதோட தீர்ந்துது. மேட்டை விட்டு இறங்கினப்புறம் அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. இவங்க ரெண்டு பேரையும் அப்படி நிக்க வெச்சேன். அவன் பேன்ட் சட்டையில, அவ புடவையில. குரல் குடுத்தேன். லோகு டக்குனு குனிஞ்சான். வினோ நின்னுக்கிட்டே இருந்தா. "வினோ"ன்னேன். குனிஞ்சா. ரொம்ப நேரம் நிமிரவே இல்லே. அத்தனை மரியாதையான வணக்கத்தை நான் எந்தப் போட்டியிலயும் பார்த்ததில்லே.

அதோட முடிஞ்சுதுன்னு இருந்தேன். ஒரு மழைக்காலம் போச்சு. மகளிர் ஸ்டேஷன்ல இருந்து போன். வினோ எழுதிக் குடுத்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அங்க போனதுல எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் போனேன். இன்ஸ்பெக்டரம்மா நல்ல மாதிரி. "கழுத்தை நெரிச்சாருங்கிறா, கழுத்துல ஒரு தடம் இல்லையே மாஸ்டர், எதை வெச்சுக் கேஸ் போடறது"ன்னாங்க. நான்தான் விளக்கினேன். "மேடம், தொண்டையை நெரிக்கிறது முரட்டுத்தனம். நாங்க சொல்லிக்குடுக்கிறது ரெண்டு பக்கமும் ரத்தக்குழாயை அழுத்தறது. சரியாப் போட்டாத் தடமே இருக்காது. இவன் சரியாத்தான் போட்டிருப்பான், என் பையன்"னேன். அந்தம்மா என் வாயையே பார்த்துக்கிட்டிருந்துட்டு, லோகுவைப் பார்த்தாங்க, வினோவைப் பார்த்தாங்க, பேனாவை மூடி வெச்சுட்டாங்க. மாஸ்டர் பொறுப்பு ஏத்துக்கிட்டா அனுப்பி வெக்கிறேன்னாங்க. ஏத்துக்கிட்டேன். என் பிள்ளைங்களுக்கு நான் ஏத்துக்காம யாரு ஏத்துக்கிறது.

ஆட்டோ பிடிச்சு நானே ரெண்டு பேரையும் வீட்டுல கொண்டுபோய் விட்டேன். பாலம் தாண்டறப்போ வினோ கேட்டா, "நாளைக்குக் கையில குழந்தை இருந்தா எப்படி மாஸ்டர் தட்டறது?" லோகு சிரிச்சுட்டான். "முதல்ல பெத்துக் குடு"ன்னான். நானும் சிரிச்சேன். சரி, பழையபடி கேலி பேச ஆரம்பிச்சுட்டாங்க, இனிமே பயமில்லேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம்தான் அந்த ஞாயித்துக்கிழமை.

ஸ்டேஷன்ல போய்ப் பார்த்தப்போ அவளே எல்லாத்தையும் சொன்னா. பொய் சொல்ற பொண்ணு இல்லே. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கிட்ட நின்னிருக்கா. சட்டையில கறை போகலேன்னு அவன் சத்தம் போட்டிருக்கான். பிடிச்சிருக்கான். தட்டியிருக்கா. விட்டிருக்கான். கவனிச்சீங்களா, விட்டுட்டான். விட்டுட்டு நிமிர்ந்து உள்ள போகத் திரும்பியிருக்கான். அப்போ பின்னால இருந்து சட்டையைப் பிடிச்சுத் திருப்பி ஒரு ஓசோ.

இது எனக்குத் தாங்க முடியலேம்மா. தட்டினா ஆட்டம் முடிஞ்சுது. விட்டவன் உடம்பைத் தளர்த்திடுவான். அதுக்கப்புறம் எறிவாங்கன்னு எங்காளு எவனும் எதிர்பார்க்க மாட்டான். அது ஒரு நம்பிக்கை. லோகு எத்தனை ஆயிரம் தடவை விழுந்திருப்பான் இந்த மேட்டுல, அவனுக்கா விழத் தெரியாது? எதிர்பார்க்கலே, அதான். பின்மண்டை கல்லு விளிம்புல பட்டு, மூணாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டான்.

இன்னொண்ணும் இருக்கு. அதுதான் கேஸையே திருப்பிச்சுன்னு சொல்றாங்க. எறியறவங்க எதிராளியோட சட்டைக்கையை விடக் கூடாது. அவன் விழுறப்போ அதைக் கொஞ்சம் மேல இழுத்துக் குடுக்கணும், அப்போ தலை தரையில மோதாது. எறியறவங்க கையிலதான் விழறவனோட உயிர். இந்தச் சங்கதி போலீஸுக்கு எங்க தெரியும்? தெரிஞ்சவன் நான்தானே. அதான் கேட்டேன்.

"கையைப் பிடிச்சிருந்தியா வினோ?"

"இல்லே மாஸ்டர்."

"நழுவிடுச்சா?"

நழுவிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். நானே எடுத்துக் குடுத்த மாதிரிதான் கேட்டேன். அவ என்னை நேராப் பார்த்து, "விட்டுட்டேன் மாஸ்டர்"னா. பக்கத்து மேஜையில ஏட்டு எழுதிக்கிட்டிருந்தாரு. தலையைத் தூக்கி, "அது என்ன சார், கையை விடறது?"ன்னாரு. சொன்னேன். கேட்டாச் சொல்லணுமில்லே. அதுக்கப்புறம்தான் கொலைக்கேஸ்னு ஆச்சு. கை தவறினது இல்லே, தெரிஞ்சு செஞ்சதுன்னு.

என்ன? கேம்பா? யாரு சொன்னா உங்களுக்கு, வினோவா?

ஆமா, நடத்தறேன். பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடங்கள்ல தற்காப்புப் பயிற்சி. பென்ஷன் வாங்கறவன் சும்மா இருக்க வேண்டாம்னு ஆரம்பிச்சது, இப்ப அதுலதான் இந்த இடத்துக்கு வாடகையே ஓடுது. அங்க பாடம் வேற, நீங்க சொல்றது சரிதான். மேட்டுல எறிஞ்சாச் சட்டைக்கையை விடக் கூடாது. ரோட்டுல எவனாவது பிடிச்சா, அவனைச் சாய்ச்சுட்டு உடனே பிடியை விட்டுடணும். பிடிச்சுக்கிட்டே நின்னா விழறவன் நம்மளையும் இழுத்துக் கீழே போட்டுடுவான். "சாய், விடு, ஓடு." இதைப் பிள்ளைங்களைக் கத்திச் சொல்ல வைப்பேன். கல்யாணத்துக்கு முன்னாடி வினோதான் கூட வருவா. நான் மைக்கை வெச்சுட்டுப் போக்கிரி மாதிரி பின்னால போய்ப் பிடிப்பேன். அவ என்னைச் சாய்ச்சுட்டுக் கையை உதறிவிட்டுட்டு மேடையை விட்டு இறங்கி ஓடுவா. பிள்ளைங்க விசில் அடிக்கும். டீச்சருங்களே அடிக்கும்.

ஆனா அது யாருக்குச் சொன்ன பாடம்? ரோட்டுல வர்றவனுக்கு. பாலத்தடியில சைக்கிள்ல வர்றவனுக்கு. வீட்டுல இருக்கிறவனுக்கா? எந்தக் கேம்புலயும் நான் புருஷனைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லே. பேசினா ஹெட்மிஸ்ட்ரஸ் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க. வினோவுக்கு எது மேட்டுப் பாடம், எது ரோட்டுப் பாடம்னு நல்லாத் தெரியும். புருஷன்கிட்டப் போய் ரோட்டுப் பாடத்தை எடுத்துட்டாளேன்னுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அப்படியே எடுத்தாலும் முழுசா எடுத்தாளா? சாய்ச்சா, விட்டா. ஓடலையே. போலீஸ் வர்றவரைக்கும் அவன் தலையை மடியில வெச்சுக்கிட்டு அந்தக் கல்லடியிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அவ எங்க ஓடுவான்னு கேட்கறீங்க. ஏன், அம்மா வீடு இருக்கு. சரி, அந்தம்மா மாஸ்டர்கிட்டப் போன்னு சொல்லிடறாங்க, வெச்சுக்குவோம். நான் இருக்கேனில்லே.

இல்லே, நீங்க ஒண்ணும் சொல்லலே. பார்த்தீங்க, அவ்வளவுதான். என் சம்சாரமும் இப்படித்தான் பார்க்கிறா. அந்த நாள்ல இருந்து தட்டுல சோத்தைப் போட்டு வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிடறா. "ரெண்டு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்துடுமா"ங்கறா. நீங்க கேட்கிறதும் அதே ரெண்டுதானே. வினோ என்கிட்ட வந்து கழுத்துப்பிடியைப் பத்திச் சொன்னது ஒண்ணு. பிடியை விடணும்னு நானே சொல்லிக்குடுத்தது ஒண்ணு. இந்த ரெண்டையும் கூண்டுல நின்னு சொன்னா, பயந்துபோன பொண்ணு கத்துக்குடுத்ததைச் செஞ்சான்னு ஆயிடும், தண்டனை குறையும், வெளியிலயே வந்தாலும் வரலாம்ங்கறீங்க. எனக்குப் புரியாம இல்லே.

என் நிலைமையையும் நீங்க யோசிக்கணும். மேட்டுல குனிஞ்சு வணங்கித் தீர்த்ததை வெளியில பேசக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். நானே கோர்ட்டுல போய் அவிழ்த்து வெக்கறதா? செத்துப்போன பையனைப் பத்தி? அவங்கம்மா முகத்தை எப்படிப் பார்க்கிறது? அப்புறம் அந்தக் கேம்பு. ஜூடோ மாஸ்டர் சொல்லிக்குடுத்துத்தான் புருஷனைக் கொன்னான்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டான்னா, எந்தப் பள்ளிக்கூடம் என்னை உள்ள விடும்? அத்தனை பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் தற்காப்பு வேண்டாமா? ஒருத்திக்காகப் பார்த்தா மத்த பிள்ளைங்க கதி என்ன?

கூண்டுல ஏத்தி என்னைக் கேட்பீங்க. கேளுங்க, அது உங்க வேலை. வந்தாளான்னு கேட்டா, ஏதோ குடும்பச் சங்கடம்னு வந்தா, ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி அனுப்பினேன்னு சொல்வேன். அதுல பொய் இருக்கா? சட்டைக்கையை விடலாமான்னு கேட்டா, ஜூடோவுல விடக் கூடாதுன்னு சொல்வேன். அதுவும் நிஜம்தானே. கேம்பைப் பத்திக் கேட்டா, அது வேற, இது வேறன்னுடுவேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதீங்க.

எழுந்துட்டீங்களா. நாலரைக்குப் பசங்க வந்துடும், முன்ன மாதிரி கூட்டமில்லே. பொண்ணுங்க பாதிக்கு மேல நின்னுடுச்சு. அதைப் பத்தி யாரு கவலைப்படறாங்க.

அவளைப் பார்க்கப் போனீங்கன்னா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. நான் வந்து பார்க்கிறது சரியா இருக்காது, சாட்சி பாருங்க. உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க. தினமும் கொஞ்சம் குனிஞ்சு நிமிரச் சொல்லுங்க. என் மேல ஏதாவது சொன்னாளா? ஒண்ணுமே சொல்லலையா. அவ எப்பவும் அப்படித்தான். தோத்தாலும் முகத்துல காட்ட மாட்டா.

என்ன கேட்டீங்க? அன்னிக்கு அவ எறியாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னா?

இதுல என்னம்மா சந்தேகம். ஒண்ணுமே ஆயிருக்காது. அவன்தான் விட்டுட்டானே. அவ துணியை அலசிக் காயப்போட்டிருப்பா. சாயங்காலம் கோயிலுக்கோ சினிமாவுக்கோ போயிருப்பாங்க. நாலு நாள் கழிச்சு மறுபடி ஏதாவது வந்திருக்கும், எந்த வீட்டுல வரலே. அவன் பிடிச்சிருப்பான். அவ தட்டியிருப்பா. அவன் விட்டிருப்பான். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அவன் விடாம இருந்திருக்க மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. ஒரு தடம் இல்லாம, ஒரு கேஸ் இல்லாம, காலம் பூரா அந்த வீட்டுலேயே இருந்திருப்பா.